மதியமானால் மக்கர் பண்ணும் கார் ஏ.சி!

காலை எட்டு மணிக்கு அம்பாசமுத்திரத்தில் கிளம்பும்போது கார் ஏ.சி 'ஜில்'லென்று இருக்கும். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று திருநெல்வேலி வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும்போதுதான் வினை. சேரன்மகாதேவி வருவதற்குள் ஏ.சி துவாரத்தில் இருந்து வெந்நீர் அடுப்பு ஊதுவதுபோல அனல் வரும். பின் சீட்டில் இருக்கும் ஆச்சி முந்தானையை எடுத்து விசிற ஆரம்பித்துவிடுவார்.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், அங்கே அது சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?" என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள். அன்றைக்கு மதியமே மறுபடி அதே கதை. இப்படி மூன்று முறை அலைந்த பிறகு வரும் தீர்ப்பு: "கம்ப்ரசர் போயிட்டு அண்ணாச்சி, மாத்திருவோம்."

கம்ப்ரசரை மாற்றுவது சின்ன வேலை அல்ல. உள்ளே இருக்கும் கேஸை முழுதாக எடுக்க வேண்டும். டிரையரை மாற்ற வேண்டும், ஆயில் அளவு பார்க்க வேண்டும், வேக்குவம் போட்டுப் புதிதாக கேஸ் ஏற்ற வேண்டும். பழைய ஆல்ட்டோவோ வேகன் ஆரோ வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த பில், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸோடு போட்டி போடும் தொகை. ஆனால், காலையில் நன்றாக ஓடி மதியம் மட்டும் நின்றுபோகும் கம்ப்ரசர் பல சமயம் கெட்டே போயிருக்காது. கெட்டது அதன் முகப்பில் இருக்கும் கிளட்ச். அதைச் சரிசெய்ய கேஸ் பக்கமே போகத் தேவையில்லை. கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். சில நேரம் ஒரு பைசா செலவில்லாமலும் முடியும்.

அந்த 'டக்' சத்தம்

இன்ஜின் ஓடும்போது ஏ.சி பட்டனை அழுத்தினால் பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் சத்தம். இதில் மூன்று பாகங்கள். பெல்ட் ஓடும் புல்லி, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் செம்புக்கம்பிக் காயில், புல்லிக்கு முன்னால் கம்ப்ரசரின் தண்டோடு இணைந்திருக்கும் வட்டமான இரும்புத் தட்டு. இன்ஜின் ஓடும் வரை புல்லி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டு அசையாது. பட்டனை அழுத்தியதும் காயிலுக்கு 12 வோல்ட் போகும், காயில் காந்தமாகும், தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். தட்டு சுற்றினால் கம்ப்ரசர் சுற்றும். பட்டனை அணைத்தால் தட்டு விலகிக்கொள்ளும்.

இது எவ்வளவு பெரிய வசதி என்பது அமெரிக்காவின் பேக்கார்ட் கார்க்காரர்களுக்குத் தெரியும். கம்பெனியிலேயே ஏ.சி பொருத்தி 1940 மாடலில் விற்ற அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடும். குளிர் போதும் என்றால் காரை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

இந்தத் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே, ஏ.சி அணைந்திருக்கும்போது ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். பெரும்பாலான கார்களில் அது 0.3 மில்லிமீட்டரில் இருந்து 0.6 மில்லிமீட்டர் வரை. மதியப் பிரச்னையின் முடிச்சு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை தட்டு ஒட்டும்போதும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. காந்தத்துக்கு இடைவெளி என்றால் ஆகாது. அது இரட்டிப்பானால் இழுக்கும் பலம் கால்வாசிக்கு இறங்கிவிடும் என்பது தோராயக் கணக்கு.

சரி, அப்படியென்றால் காலையிலும் பிடிக்கக் கூடாதே? அங்கேதான் நம்மூர் வெயில் வருகிறது. செம்புக்கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம். காலையில் 25 டிகிரியில் இருந்த காயில், மதியம் இன்ஜின் சூடும் ரோட்டுச் சூடும் சேர்ந்து 100 டிகிரியைத் தொட்டால், மின்தடை சுமார் 30 சதவீதம் ஏறிவிடும். மின்சாரம் அதற்கேற்பக் குறையும், காந்தத்தின் பிடி கணக்குப்படி 40 சதவீதம் வரை விழும். தேயாத கிளட்ச் இதைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த கிளட்ச் காலையில் தட்டுத் தடுமாறிப் பிடித்து, மதியம் கைவிட்டுவிடும். சாயங்காலம் ஆறிய பிறகு ஒன்றும் தெரியாததுபோல மறுபடி 'டக்' என்று பிடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் காலை பத்து மணிக்குப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நின்றுபோன நேரத்தில் பார்த்தால்தான் பிடிபடும்.

நின்ற இடத்திலேயே பரிசோதனை

ஏ.சி நின்றுபோன மதியத்தில், நிழலான திறந்த இடமாகப் பார்த்து காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினையும் ஏ.சியையும் ஓடவிட்டு பானெட்டைத் திறக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது, புகை ஆளைக் கொல்லும். துண்டு, துப்பட்டா, முந்தானை, கழுத்துச் செயின் எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியிலும் சுற்ற ஆரம்பிக்கும். கையை உள்ளே விடாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் போதும். புல்லி சுற்றுகிறது, நடுவில் இருக்கும் தட்டு அசையாமல் நிற்கிறது என்றால் கிளட்ச் பிடிக்கவில்லை. தட்டும் சேர்ந்து சுற்றியும் குளிர் இல்லை என்றால் விஷயம் வேறு. அது கேஸ் பார்ப்பவரின் வேலை. சிலர் குச்சியால் தட்டைத் தள்ளிப் பார்ப்பார்கள். பெல்ட் ஓடும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

தட்டு நிற்கிறது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, காயிலுக்குக் கரன்ட் வருகிறதா என்பது. கிளட்ச் ஒயரின் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கலாம். கரன்ட் வரவில்லை என்றால் கிளட்சை நோகக் கூடாது. ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே போயிருக்கலாம், கேஸ் குறைந்து பிரஷர் சுவிட்ச் கட் செய்திருக்கலாம். ஃபேன் ஓடாமல் பிரஷர் ஏறினாலும் அதே சுவிட்ச் கட் செய்யும். இந்த சுவிட்சை ஒரு துண்டு ஒயரால் இணைத்து 'டைரக்ட்' கொடுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கம்ப்ரசருக்கு ஆயிலைச் சுமந்து வருவதே அந்த கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடவிட்டால், நல்ல கம்ப்ரசரும் ஆயில் இல்லாமல் இறுகிப்போகும்.

கரன்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால், இன்ஜினை அணைத்து, கனெக்டரைப் பிடுங்கிக் காயிலின் மின்தடையைப் பார்க்கலாம். ஆறிய காயிலில் பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சில காயில்களுக்குள் சூட்டில் அறுந்துபோகும் ஃபியூஸ் ஒன்று உண்டு. அது ஒருமுறை போனால் போனதுதான்.

காயில் சரியாக இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு ஃபீலர் கேஜை தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே விட்டுப் பார்க்க வேண்டும். பிளக் கேப் பார்க்கும் அதே தகடுகள்தான். சுற்றி மூன்று இடத்தில் அளக்க வேண்டும். 0.8, 0.9 என்று வந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை மீதம் இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, நடுத்தட்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். லேசான எதிர்ப்போடு வழவழவென்று சுற்றினால் கம்ப்ரசர் பிழைத்தது. அசையவே மறுத்தால், அல்லது கரகரவென்று சிக்கினால், தீர்ப்பு உண்மைதான், கம்ப்ரசரே போய்விட்டது. அதில் புது கிளட்சைப் போட்டால் அதுவும் கருகும். தட்டைச் சுற்றி எண்ணெய் சிதறிய அழுக்கு தெரிந்தாலும் கை வைக்க வேண்டாம், அது தண்டின் சீல் ஒழுகுவதன் அடையாளம்.

சத்தத்துக்கும் ஒரு வழி உண்டு. ஏ.சியைப் போடாதபோதே அந்தப் பக்கம் 'கர்ர்' என்று கேட்டால் புல்லி பேரிங்கைச் சந்தேகப்படலாம். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். ஏ.சி போட்டால் மட்டும் கேட்கும் சத்தம் கம்ப்ரசரின் உள்ளே இருந்து வருவதாக இருக்கலாம்.

நகக்கண் அளவு வாஷர்

தட்டுக்குப் பின்னால், கம்ப்ரசரின் தண்டில், நகத்தைவிட மெல்லிய வாஷர்கள் ஒன்றிரண்டு இருக்கும். ஷிம் என்பார்கள். இடைவெளியை முடிவுசெய்வது இவைதான். காயிலும் பேரிங்கும் நன்றாக இருந்து, இடைவெளி மட்டும் அகன்றிருந்தால், தட்டைக் கழற்றி ஒரு ஷிம்மை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினால் போதும். ஏ.சி மதியமும் ஓடும். பல்லாயிரம் ரூபாய் தீர்ப்புக்கு எதிரான அப்பீல், செலவே இல்லாமல் ஜெயிப்பது இங்கேதான். ஆனால், தட்டின் முகம் நீலம் பாரித்தோ, கறுத்தோ, பள்ளம் விழுந்தோ இருந்தால் ஷிம் வைத்தியம் செல்லாது. கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும்.

செட் வாங்கும்போது காரின் பெயரைச் சொல்லி மட்டும் வாங்கக் கூடாது. ஒரே மாடல் காரில் வருஷத்துக்கு ஒரு கம்ப்ரசர் வந்திருக்கும். கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள நம்பரை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, முடிந்தால் பழைய பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. புல்லியின் விட்டம், பெல்ட் வரிகளின் எண்ணிக்கை, தட்டின் நடுவே உள்ள பல்வரிசை, காயில் கனெக்டர் என எல்லாமே பொருந்த வேண்டும்.

கழற்றும் வேலை

முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயர். அடுத்தது பெல்ட். கழற்றுமுன் அது எந்தப் புல்லி வழியாக எப்படிப் போகிறது என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பல சின்ன கார்களில் கம்ப்ரசர் கீழே ஒடுங்கிக் கிடக்கும். முன்சக்கரத்தையோ பம்பரையோ கழற்றினால்தான் கை போகும். காரைத் தூக்க வேண்டி வந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக்கொடுப்பது அதைவிட மோசம். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லை என்றால் வேலையை அன்றைக்கு ஆரம்பிக்காமல் இருப்பதே புத்தி.

இடம் போதாமல் கம்ப்ரசரின் போல்ட்டுகளைக் கழற்றி நகர்த்த வேண்டிய கார்களும் உண்டு. அப்போதும் குழாய்கள் மாட்டியபடியே இருக்க வேண்டும். குழாய் நட்டைத் தொடக் கூடாது. தெருவில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் அது, அழுத்தத்தோடு கையில் பட்டால் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றில் கலந்தால் புவி சூடேறுவதற்கு கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் காரணமாகும்.

தட்டின் நடு போல்ட்டைத் திருப்பினால் தட்டும் கூடவே சுற்றும். அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு முளை உள்ள பிடிகருவி ஒன்று உண்டு. போல்ட் வந்ததும் தட்டு கையோடு வந்துவிட வேண்டும். துருப்பிடித்து வராவிட்டால் புல்லர் வைத்து இழுக்கலாம். சுத்தியலால் தட்டுவதும் திருப்புளியால் நெம்புவதும் தட்டைக் கோணலாக்கும். கோணலான தட்டில் இடைவெளி ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்து, புதுசு போட்டும் பழைய கதைதான். தட்டு வரும்போது ஷிம்கள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு வரும். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, எவர்சில்வர் தட்டு ஒன்றில் எண்ணி எண்ணி வைப்பது நல்லது. ஷிம்மைத் தேடி மண்ணைச் சலிப்பதுபோல எரிச்சல் தரும் வேலை வேறில்லை.

புல்லியைப் பிடித்திருப்பது ஒரு சர்க்ளிப். அதற்கென்று உள்ள பிளேயரால் விரித்து எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், அது துள்ளினால் நேராக முகத்துக்குத்தான் வரும். புல்லி வந்ததும் உள்ளே காயில், அதற்கு இன்னொரு சர்க்ளிப். காயிலின் முதுகில் ஒரு சின்ன முளை, கம்ப்ரசர் உடம்பில் அதற்கான குழி. புதுக் காயிலை வைக்கும்போது இது இரண்டும் சேரவில்லை என்றால் காயில் சாய்ந்து உட்கார்ந்து புல்லியில் உரசும். ஒயர் புல்லியில் படாமல் பழைய பாதையிலேயே போக வேண்டும். புதுப் புல்லியை ஏற்றும்போது பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் பேரிங் அன்றைக்கே பாதி ஆயுளை இழந்துவிடும். தட்டும் புல்லியும் ஒட்டும் முகங்களில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

தட்டைப் பூட்டி, மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு நடு போல்ட்டை முறுக்கி, மறுபடி மூன்று இடத்தில் இடைவெளி. சரியாக வரும்வரை ஷிம்மைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியதுதான். புது செட்டிலும் பழைய ஷிம் அளவு அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. முதல்முறை செய்பவருக்கு அரைநாள் ஓடிவிடும்.

எலெக்ட்ரிக் கார், ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை. அங்கே கம்ப்ரசரை மோட்டார் சுற்றுகிறது, உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் அது. ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவே கூடாது. சில புது பெட்ரோல், டீசல் கார்களிலும் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் வருகிறது. அதில் 'டக்' சத்தத்தைத் தேடிக் கவலைப்பட வேண்டாம்.

வைக்கோல் தூசியும் வெள்ளத் தண்ணீரும்

கிளட்ச் ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதுசு போட்டால், அடுத்த கத்திரிக்குள் அதுவும் கருகலாம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு அறுவடையின்போதும் ரோட்டோரம் நெல் காயும், வைக்கோல் பறக்கும். அந்தத் தூசியும் சண்டும் காரின் முகப்பில் இருக்கும் கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். காற்று போகாவிட்டால் கேஸ் ஆறாது, பிரஷர் ஏறும், கம்ப்ரசரைச் சுற்ற அதிக பலம் வேண்டியிருக்கும். தேய்ந்த தட்டு வழுக்கும், வழுக்கினால் சூடேறிக் கருகும். அறுவடை முடிந்ததும் கண்டன்சரில் சாதாரண ஹோஸ் பைப்பால் மெதுவாகத் தண்ணீர் விட்டாலே போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, ஜங்ஷன் பகுதி வெள்ளத்தில் மிதந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற கார்களில் இன்ஜினையும் சீட்டையும் பார்த்துச் சரிசெய்தவர்கள் பலர். கீழே கிடக்கும் கம்ப்ரசர் புல்லியை நினைத்தவர்கள் குறைவு. சேறு கலந்த தண்ணீர் பேரிங்குக்குள் போனால் கிரீஸ் கெட்டுவிடும், சத்தம் பல மாதம் கழித்துத்தான் கேட்கும். அதை அலட்சியப்படுத்தினால் பேரிங் ஒருநாள் இறுகி, பெல்ட்டை அறுக்கும். ஒரே பெல்ட்டில் ஆல்டர்னேட்டரும் ஓடும் காரில், அதோடு பேட்டரி சார்ஜும் நின்றுவிடும். சில கார்களில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்தான். செகண்ட் ஹேண்டில் கார் வாங்குபவர்கள் ஏ.சியை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் காது கொடுப்பது நல்லது. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கமே ஓடும் கார்களில் உப்புக்காற்று தட்டையும் புல்லியையும் சீக்கிரம் துருவேற்றும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஏ.சியை ஒரு இருபது முறை விட்டுவிட்டு ஆன் ஆஃப் செய்ய வேண்டும். புதுத் தட்டும் புல்லியும் ஒன்றோடொன்று உரசிப் பழகுவதற்காக. பிறகு ஓட்டிப் பார்ப்பதைக் காலையில் செய்தால் அர்த்தமில்லை. மதியம் இரண்டு மணிக்கு, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, சேரன்மகாதேவி ரோட்டில் போய்வர வேண்டும். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தால் இன்னும் நல்லது. நின்றபடி கார் கொதிக்கும் அந்தப் பத்து நிமிடத்திலும் குளிர் விடாமல் வந்தால் வேலை முடிந்தது. எடுத்து வைத்த ஷிம்மை மட்டும் தூக்கிப் போடாமல், ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு கார் பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்தமுறை செட் மாற்றும்போது இடைவெளி குறைவாக வந்தால் அது தேவைப்படும்.